டிசம்பர்ல வர்ற எல்லாப் பண்டிகையையும் ஒரே ராத்திரில வெச்சு முடிச்சிடலாமா? கேம்பஸ் விழா கமிட்டில இருக்கேன், கொஞ்சம் வழி சொல்லுங்க

விளக்குத்திரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஹாஸ்டல் விழா கமிட்டில எனக்கு இது ரெண்டாவது வருஷம். போன வருஷம் டிசம்பர் முதல் வாரம், எக்ஸாமுக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி "குளிர்கால விழா"ன்னு ஒண்ணு பண்ணோம். பெரிய ஹால், நடுவுல கிறிஸ்துமஸ் மரம், ஒரு மேசைல யூதர்களோட எட்டு நாள் பண்டிகையான ஹனுக்காவோட விளக்கு, பக்கத்து மேசைல கறுப்பின அமெரிக்கர்களோட குவான்சா பண்டிகை விளக்கு, சுவர் பூரா பல மொழில வாழ்த்து எழுதின போஸ்டர். ஹாஸ்டல்ல நெருப்பு ஏத்தக்கூடாதுன்னு ரூல், அதனால எல்லாமே பேட்டரி பல்பு. கூட்டம் நல்லா வந்துது, போட்டோவும் நல்லா வந்துது, நாங்களும் மனசு நிறைஞ்சு தூங்கப் போனோம்.

ஆனா அன்னிக்கு மத்தியானம் நடந்த ஒண்ணு இன்னும் மனசுல உறுத்திட்டே இருக்கு. டெகரேஷன் பண்ணிட்டு இருந்தப்ப என் கிளாஸ்ல படிக்கற யூதப் பொண்ணு ஒருத்தி எட்டிப் பார்த்தா. ஹனுக்கா விளக்குல ஒம்போது பல்பையும் நாங்க எரிய விட்டிருந்தோம். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "இது எட்டாம் நாள் மாதிரி இருக்கு, பண்டிகை ஆரம்பிக்கவே இன்னும் மூணு வாரம் கிட்ட இருக்கே"ன்னா. 2024ல ஹனுக்கா டிசம்பர் 25 சாயங்காலம்தான் ஆரம்பிச்சுது, நாங்க யாரும் தேதியே பாக்கல. ராத்திரி வருவேல்லன்னு கேட்டேன். வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சா எங்களுக்கு ஷாபாத், ஓய்வு நாள், நான் வர முடியாதுன்னு சொல்லிட்டு ஒரு காகித நட்சத்திரத்தை நேரா ஒட்டி வெச்சுட்டுப் போனா. கோவமே படல, அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துது.

இந்த வருஷமும் அதே மாதிரி ஒரே ராத்திரி, அதே ஹால், அதே வெள்ளிக்கிழமைன்னு கமிட்டில பேச்சு ஆரம்பிச்சிருக்கு. வேற கேம்பஸ்ல நீங்கல்லாம் எப்டி பண்றீங்க?

நூலகவாசி எழுதியது:

தோழி, முதல்ல தேதியைப் பிடிங்க, பாதி பிரச்சினை அங்கயே இருக்கு. எல்லாம் டிசம்பர்ல வருதுங்கறதே நாம எல்லாத்தையும் ஒரே காலண்டர்ல பாக்கறதால வர்ற நினைப்பு. ஹனுக்கா கிஸ்லேவ் மாசம் 25ம் தேதி, எப்பவும் அதேதான், மாறவே மாறாது. யூத காலண்டர் நிலாவையும் சூரியனையும் சேர்த்து வெச்சுப் போறதால நம்ம சுவத்துல தொங்கற காலண்டர்ல மட்டும் அது முன்ன பின்ன ஓடற மாதிரி தெரியுது. 2013ல நவம்பர் 27 சாயங்காலமே ஆரம்பிச்சுது, 2024ல டிசம்பர் 25, இந்த வருஷம் 2025ல டிசம்பர் 14 சாயங்காலம். எக்ஸாம் எப்பன்னு நீங்க சொல்லல, பெரும்பாலும் அதுக்குள்ளதான் மாட்டும்.

கிறிஸ்துமஸ்லயும் ஒரே தேதி இல்ல. ரஷ்ய, செர்பிய ஆர்த்தடாக்ஸ் சபைக்காரங்களுக்கும் எத்தியோப்பியாக்காரங்களுக்கும் ஜனவரி 7, பழைய ஜூலியன் காலண்டர் நம்ம காலண்டரை விட இப்ப 13 நாள் பின்தங்கி இருக்கறதால. ஆர்மீனிய சபைக்கு ஜனவரி 6. உக்ரைன்ல பெரிய ஆர்த்தடாக்ஸ் சபை ஒண்ணு 2023லதான் டிசம்பர் 25க்கு மாறுச்சு, அதனால ஒரே நாட்டுலேர்ந்து வந்த ரெண்டு பசங்க வேற வேற நாள்ல கொண்டாடலாம். ஜனவரி 7 அன்னிக்கு அடுத்த செமஸ்டர் கிளாஸ் ஆரம்பிச்சிருந்தா அவங்களுக்கு கிறிஸ்துமஸ் லீவே கிடையாது, இதை யாரும் யோசிக்கறதே இல்ல.

முஸ்லிம் மாணவர்கள் இந்த டிசம்பர் லிஸ்ட்லயே வரமாட்டாங்க, அதுவும் காலண்டர்தான் காரணம். அவங்க வருஷம் 354 நாள் வாக்குல, அதனால ரமலான் வருஷத்துக்குப் பத்து பதினோரு நாள் முன்னாடி நகர்ந்துட்டே வருது. 2000ல ரமலான் நோன்பு முடியற ஈத் ஜனவரி ஆரம்பத்துல ஒரு தடவை, டிசம்பர் கடைசில இன்னொரு தடவை வந்துது. 2030லயும் ஒரே வருஷத்துல ரெண்டு தடவை ரமலான் தொடங்கும். வரப்போற 2026ல பிப்ரவரி 17 நிலாப் புத்தாண்டு, 18 கத்தோலிக்கர்களுக்கு சாம்பல் புதன், அதே சமயத்துல ரமலான் நோன்பும் ஆரம்பம். குளிர்காலம்னா பிப்ரவரியும் சேர்த்துத்தானே? உங்க கமிட்டி டிசம்பரோட கடையைச் சாத்திட்டா இவங்க எல்லாரும் வெளிய நிப்பாங்க.

மூணாவதுமாடி எழுதியது:

ரெண்டு வருஷம் ஒரு யூதப் பொண்ணோட ஒரே ரூம்ல இருந்தேன், அதனால பார்த்ததைச் சொல்றேன். முதல் நாள் ஒரே ஒரு மெழுகுவத்தி, அதோட சேர்த்து ஷமாஷ்னு ஒண்ணு, அது மத்ததை ஏத்தறதுக்கான துணை விளக்கு, கொஞ்சம் உசரத்துல நிக்கும். மறுநாள் ரெண்டு, அதுக்கு மறுநாள் மூணு, இப்டி எட்டு நாள். வலது பக்கத்துலேர்ந்து அடுக்குவா, ஆனா ஏத்தறப்ப இடதுலேர்ந்து, அதாவது அன்னிக்குப் புதுசா வெச்சதை முதல்ல ஏத்துவா. ஏன்னு கேட்டேன், புதுசா வந்த நாளுக்கு முதல் மரியாதைன்னா. ஏத்தி முடிச்சதும் அந்த வெளிச்சத்துல புக்கைத் திறக்க மாட்டா, துணி மடிக்க மாட்டா. அந்த வெளிச்சம் பாக்கறதுக்கு மட்டும்தான், வேலைக்கு உபயோகிக்கக்கூடாதாம். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி கூட அரை மணி நேரம் அப்டியே தரைல உக்காந்து பார்த்துட்டு இருந்தா, நானும் பக்கத்துல உக்காந்திருந்தேன். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஜெருசலேம் கோவிலை மீட்டெடுத்து மறுபடி விளக்கேத்துன கதையை அவ எனக்குச் சொன்னது அப்பதான்.

பேட்டரி பல்பு அவளுக்கு ஒத்துவரல. நிறைய யூதர்கள் அதை விளக்கேத்துனதா கணக்குலயே எடுத்துக்க மாட்டாங்க, எண்ணெயோ மெழுகோ எரியணும். முதல் வருஷம் ரூம்ல ஏத்தப் போய் ஸ்மோக் டிடெக்டர் அடிச்சு, ராத்திரி பத்து மணிக்கு மாடி பூரா ஸ்வெட்டரோட வாசல்ல நின்னோம், அவ அழுதுட்டா. அடுத்த வருஷம் வார்டன்கிட்ட முன்கூட்டியே போய்ப் பேசினோம். காமன் கிச்சன்ல ஸ்டீல் மேசை மேல ஒரு இரும்பு ட்ரே, அதுல ரெண்டு விரக்கடை மணல், பக்கத்துல தீயணைப்பான், அணையற வரைக்கும் ஒரு ஆள் கூடவே இருக்கணும், இவ்ளோதான் கண்டிஷன். எட்டு நாளும் ஒரு பிரச்சினையும் இல்ல. அந்த ட்ரே இன்னும் என்கிட்டதான் இருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும். ஹனுக்கா அவங்களுக்கு அவ்ளோ பெரிய பண்டிகையே இல்ல, கிறிஸ்துமஸ் பக்கத்துல வர்றதால வெளில பேர் ஆயிடுச்சு. அவங்க புத்தாண்டு ரோஷ் ஹஷானாவும், பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூரும்தான் பெருசு. இந்த வருஷம் யோம் கிப்பூர் அக்டோபர் 1 சாயங்காலத்துலேர்ந்து 2ம் தேதி இருட்டற வரைக்கும். பூரா நாளும் தண்ணி கூட இல்லாத விரதம், அன்னிக்கு என் ஃப்ரெண்டுக்கு மிட்டெர்ம் வெச்சாங்க. டிசம்பர்ல ஹால்ல விளக்கு வெச்சு வாழ்த்து சொல்றதை விட அக்டோபர்ல அந்த ஒரு டெஸ்ட்டைத் தள்ளி வெச்சிருந்தா அவளுக்கு எவ்ளோ பெருசா இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

மணியோசை எழுதியது:

நான் கிறிஸ்தவன். இதை யார் மேலயும் கோவமா சொல்லல, ஆனா சொல்லணும்னு தோணுது. எங்க கேம்பஸ்லயும் "குளிர்கால விழா"ன்னுதான் பேர், ஹால் நடுவுல மரம், சான்டா தொப்பி, சிவப்பு ரிப்பன் எல்லாம் இருக்கும், ஆனா இயேசு பிறந்தார்ங்கற ஒரு வரி எங்கயும் இருக்காது. மத்தவங்க மனசு நோகக்கூடாதுன்னு எடுத்துட்டாங்களாம். எனக்கு மரம் இல்லனாலும் பரவால்ல, தொப்பி இல்லனாலும் பரவால்ல. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறும் எங்களுக்குத் திருவருகைக் காலம், காத்திருக்கற காலம், வாரத்துக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்துவோம், மூணு ஊதா, ஒண்ணு ரோஜா நிறம். இருபது பேர் சேர்ந்து ஜெபம் பண்றதுக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு ரூம் கேட்டா மதச் சம்பந்தமான கூட்டத்துக்குத் தர மாட்டோம்ங்கறாங்க, ஆனா மரத்துக்கு மட்டும் ஹாலே தர்றாங்க. பெரும்பான்மைப் பண்டிகைதானே, இவங்களுக்கு என்ன குறைன்னு எல்லாரும் நினைக்கறாங்க. பண்டிகையோட தோலை எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க, உள்ள இருக்கறது எங்களுக்கே கூச்சமா போச்சு.

சாம்பல்குருவி எழுதியது:

எல்லாம் சரிங்க, ஆனா ஒரே ராத்திரி வெக்கறதுலயும் ஒரு நல்லது இருக்கு, அதைத் தூக்கி எறிஞ்சிடாதீங்க. எங்க பில்டிங்ல மூணே மூணு ஆர்மீனியப் பசங்க. அவங்களால தனியா ஹால் எடுத்து, போஸ்டர் அடிச்சு, ஆள் சேர்த்து ஒண்ணு நடத்த முடியுமா? பொது விழால ஒரு மேசை கிடைச்சதாலதான் ஜனவரி 6 கிறிஸ்துமஸ்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியும். தனித்தனியா வெச்சா அவங்கவங்க கூட்டம் மட்டும்தான் வரும், அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் எப்ப பாக்கறது?

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், மேசையை அவங்களே வெக்கட்டும். கமிட்டி ஆளுங்க இன்டர்நெட்ல படம் பார்த்து வெக்க வேணாம். ஒரு குரூப் எங்களுக்கு இந்த வருஷம் வேணாம்னு சொன்னா அந்த மேசையே வேணாம், லிஸ்ட் நிறையணும்னு அவங்க சார்பா நாம வெக்கக்கூடாது.

உமோஜா_நண்பன் எழுதியது:

குவான்சா பத்தி யாரும் இன்னும் பேசல, நான் சொல்றேன். எங்க டிபார்ட்மென்ட்ல கறுப்பின மாணவர் சங்கம் நடத்தறதுக்கு மூணு வருஷமா நாற்காலி போட, சமைக்க, பாத்திரம் கழுவப் போறேன். முதல் வருஷம் நான் இதை ஆப்பிரிக்கக் கிறிஸ்துமஸ்னு நினைச்சிட்டுப் போனேன், அங்க ஒரு அக்கா பொறுமையா உக்கார வெச்சுச் சொன்னாங்க. இது மதப் பண்டிகையே இல்ல. 1966ல அமெரிக்கால மௌலானா கரெங்கா ஆரம்பிச்சது, டிசம்பர் 26லேர்ந்து ஜனவரி 1 வரைக்கும் ஏழு நாள். சுவாஹிலில முதல் விளைச்சல்ங்கற சொல்லுலேர்ந்து வந்த பேர். கிறிஸ்தவங்களா இருக்கறவங்களும் கிறிஸ்துமஸ் முடிச்சிட்டு மறுநாள் இதைக் கொண்டாடுவாங்க.

கினாரான்னு சொல்ற விளக்குத் தாங்கில ஏழு மெழுகுவத்தி, நடுவுல கறுப்பு ஒண்ணு, ஒரு பக்கம் சிவப்பு மூணு, இன்னொரு பக்கம் பச்சை மூணு. முதல் நாள் கறுப்பை ஏத்தறாங்க, அது உமோஜா, ஒற்றுமை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கொள்கை, சுயநிர்ணயம், சேர்ந்து உழைக்கறது, கூட்டுப் பொருளாதாரம், நோக்கம், படைப்பாற்றல், நம்பிக்கை. "ஹபாரி கானி", என்ன சேதின்னு ஒருத்தர் கேப்பாங்க, அன்னிக்கான கொள்கையோட பேரைத்தான் பதிலா சொல்லணும். போன வருஷம் ஒரு பாட்டி வந்திருந்தாங்க, ஒவ்வொரு பொடியன்கிட்டயும் போய்க் குனிஞ்சு அதைக் கேட்டாங்க, ஒரு பையன் பதில் தெரியாம முழிச்சப்ப ஹால் பூரா சேர்ந்து உமோஜான்னு சொல்லிக் குடுத்துச்சு.

டிசம்பர் 26க்கு கேம்பஸே பூட்டிக் கிடக்கும். அதனால அவங்களே முடிவு பண்ணி டிசம்பர் ஆரம்பத்துல முன்கூட்டியே ஒரு நாள் வெக்கறாங்க. தேதி மாத்தறது தப்பில்ல தோழி, யார் மாத்தறாங்கங்கறதுதான் விஷயம்.

இரவுப்பறவை எழுதியது:

நான் லீவுல ஊருக்குப் போகாதவன். டிக்கெட் எடுக்க முடியாது, அதனால நாலு வருஷமா டிசம்பர் கடைசி ரெண்டு வாரம் ஹாஸ்டல்லதான். உங்க எல்லாரோட விழாவும் எக்ஸாமுக்கு முன்னாடி முடிஞ்சிடும், நிஜப் பண்டிகை வர்றப்ப மெஸ் மூடியிருக்கும், லைப்ரரி மூடியிருக்கும், காரிடார் லைட்டு பாதி அணைச்சிருப்பாங்க, ஹீட்டர் சத்தம் மட்டும் கேக்கும்.

என் முதல் வருஷம் அப்டித்தான் இருந்துச்சு. டிசம்பர் 21ன்னு நினைக்கறேன், இரானியப் பையன் ஒருத்தன் கதவைத் தட்டினான், பேர் கூட அதுவரைக்கும் தெரியாது. இன்னிக்கு யல்டா, வருஷத்துலயே நீளமான ராத்திரி, தனியா இருக்கக்கூடாது வான்னு கூட்டிட்டுப் போனான். தரைல போர்வை, ஒரு கிண்ணம் நிறைய உதிர்த்த மாதுளை, எங்கேர்ந்தோ தேடிப் பிடிச்ச தர்பூசணி, பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸோட கவிதைப் புத்தகம். மனசுல ஒண்ணை நினைச்சுக்கிட்டு புக்கைத் திறக்கணும், திறந்த பக்கத்துல வர்ற பாட்டுதான் பதில். அவன் பாரசீகத்துல வாசிச்சு உடைஞ்ச இங்கிலீஷ்ல அர்த்தம் சொன்னான், நாலு பேர் விடியற வரைக்கும் உக்காந்திருந்தோம். யல்டாவை 2022ல இரான், ஆப்கானிஸ்தான் ரெண்டு நாட்டுக்கும் சேர்த்து யுனெஸ்கோ பட்டியல்ல போட்டிருக்காங்க, ஆனா எனக்கு அது அந்தப் போர்வைதான்.

விளக்குத்திரி, உங்களால ஒண்ணு முடியும்னா இதைப் பண்ணுங்க. டிசம்பர் 20லேர்ந்து ஜனவரி முதல் வாரம் வரைக்கும் ஒரு கிச்சனையும் பக்கத்து ரூமையும் திறந்து வெக்கச் சொல்லிக் கேளுங்க. ஹால் டெகரேஷன் ஒண்ணுமே இல்லனாலும் பரவால்ல.

தெற்குக்காற்று எழுதியது:

இடைல வர்றேன், மன்னிக்கணும். நான் இருக்கறது தெற்குப் பக்கம், இங்க டிசம்பர்னா வெயில் காலம், குளிர்காலம் ஜூன் ஜூலைல. நியூசிலாந்துல மாவோரிப் புத்தாண்டு மாதாரிக்கி அப்பதான் வரும், கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் விடியக்காலைல மறுபடி தெரியறதை வெச்சு. 2022லேர்ந்து அது அரசு விடுமுறை. முடிஞ்ச வருஷத்துல செத்துப் போனவங்க பேரைச் சொல்லி நினைச்சுக்கறது அதுல ஒரு முக்கியமான பகுதி. அங்கேர்ந்து வந்து உங்க கேம்பஸ்ல படிக்கற பசங்களுக்கு உங்க குளிர்கால லிஸ்ட் எப்டி இருக்கும்னும் யோசிங்க.

வெறுங்கை எழுதியது:

எனக்கு மதம் இல்ல. ஆனா இந்த மாதிரி விழாவுக்கெல்லாம் ஆசையா போவேன், விளக்கு பிடிக்கும், பாட்டு பிடிக்கும். ஜெபம் இருந்தா போஸ்டர்லயே ஜெபம் உண்டுன்னு போடுங்க, அது போதும், வேணுங்கறவங்க வருவாங்க. மறைச்சு வெச்சுட்டு நடுவுல எழுந்து நிக்கச் சொல்றதுதான் சங்கடம். மணியோசை, உங்க நாலு மெழுகுவத்திக்கு ரூம் தரலன்னு படிச்சப்ப எனக்கே கஷ்டமா இருந்துச்சு.

நூலகவாசி எழுதியது:

மணியோசைக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கால பிட்ஸ்பர்க் சம்பந்தமான ஒரு வழக்குல 1989ல, கோர்ட் கட்டடத்துக்குள்ள தனியா வெச்ச கிறிஸ்துமஸ் குடில் கூடாது, வேற ஒரு அரசுக் கட்டடத்துக்கு வெளிய மரத்தோட சேர்ந்து நின்ன யூத விளக்கு இருக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. அரசாங்கமே ஒரு மதத்தைத் தூக்கிப் பிடிக்கற மாதிரி தெரியுதா இல்லையாங்கறதுதான் அங்க கேள்வி. மாணவர்கள் தாங்களே கூடி ரூம் கேக்கறது முழுக்க வேற விஷயம். உங்க ஆபீஸ் ரெண்டையும் போட்டுக் குழப்பிக்குது போல. மத்த சங்கங்களுக்கு எந்த விதில ரூம் தர்றீங்களோ அதே விதில எங்களுக்கும் தாங்கன்னு எழுத்துல கேளுங்க, வாய் வார்த்தைல விடாதீங்க.

விளக்குத்திரி எழுதியது:

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன், நேத்து கமிட்டிலயும் வாசிச்சுக் காட்டினேன். இரவுப்பறவையோடதை வாசிச்சப்ப ஹால்ல யாரும் பேசல. பொது சாயங்காலம் இருக்கும், ஆனா வியாழக்கிழமைக்கு மாத்திட்டோம், மேசை வேணுங்கறவங்க மட்டும் வெப்பாங்க. கீழ்த்தளக் கிச்சனை லீவு பூரா திறந்து வெக்க வார்டன் சம்மதிச்சிட்டாங்க, சாவி ரெண்டு பேர் பொறுப்புல இருக்கும். பண்டிகைத் தேதி எல்லாம் போட்டு ஒரு பக்கம் தயார் பண்ணி டிபார்ட்மென்ட்களுக்கு அனுப்பறோம், அடுத்த ஜனவரி, பிப்ரவரியும் சேர்த்து.

இப்ப ஒரு சிக்கல். முதல்ல சொன்னேனே, அந்த யூத ஃப்ரெண்டுகிட்ட போய் இந்தத் தடவை உனக்கு என்ன வேணும்னு கேட்டேன். ரொம்ப யோசிச்சுட்டு, மத்த நாள் எல்லாம் எக்ஸாம் முடிச்சு வந்து ராத்திரி ஏத்திக்குவேன், முழிச்சிருக்கற நேரத்துக்குள்ள ஏத்துனா போதும், ஆனா டிசம்பர் 19 வெள்ளிக்கிழமைன்னா. அன்னிக்கு எக்ஸாம் ரெண்டு மணிலேர்ந்து அஞ்சு வரைக்கும், இங்க நாலு மணிக்கே இருட்டிடும். ஷாபாத் தொடங்கிட்டா நெருப்பு ஏத்த முடியாது, அதனால ஹனுக்கா விளக்கு பொழுது சாயறதுக்கு முன்னாடி, ஷாபாத் விளக்குக்கும் முன்னாடி ஏத்தணுமாம். மதக் காரணத்துக்கு எக்ஸாம் நேரம் மாத்தக் கேக்கற ஃபார்ம் இருக்கு, அது இருக்கறதே அவளுக்குத் தெரியல. நேத்து சேர்ந்து நிரப்பிக் குடுத்தோம்.

மூணாவதுமாடி எழுதியது:

கிடைச்சிடும்னு வேண்டிக்கறேன். வெள்ளிக்கிழமைக்கு சின்ன மெழுகுவத்தி பத்தாது, கவனிச்சுக்கங்க. சீக்கிரமே ஏத்தறதால நல்லா இருட்டினதுக்கு அப்புறமும் அரை மணி நேரம் எரியணும், நீளமானதா வாங்குங்க, எப்டியும் ரெண்டு மணி நேரம் ஆகும். ஏத்தினதுக்கு அப்புறம் அவ அதைத் தொட மாட்டா, அணைக்கவும் மாட்டா, ட்ரேயை நகர்த்தவும் மாட்டா. அதனால முன்னாடியே சரியான இடத்துல வெச்சிடுங்க, கடைசி வரைக்கும் பக்கத்துல ஆள் வேணும். மணல் ட்ரேயை பார்சல் பண்ணிடறேன், அட்ரஸ் தனிச் செய்தில அனுப்புங்க.

விளக்குத்திரி எழுதியது:

பதில் வந்துடுச்சு! அவளுக்கு மட்டும் காலைல ஒம்போது மணிக்கு மாத்திக் குடுத்துட்டாங்க. அதே ஃபார்ம்ல இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்களாம், யாருன்னு எனக்குத் தெரியாது. ட்ரேவும் வந்து சேர்ந்துடுச்சு, மணல் மட்டும் இங்க வாங்கிக்கறேன். 19ம் தேதி மூணரைலேர்ந்து ஆறு வரைக்கும் கிச்சன்ல உக்கார ஆள் லிஸ்ட் போடறேன். முதல் அரை மணி நான்.

இரவுப்பறவை எழுதியது:

இவ்ளோ நாள் சொல்லல, நானும் உங்க ஹாஸ்டல்தான், கீழ்த்தளத்துல கடைசி ரூம். நாலுலேர்ந்து அஞ்சு வரைக்கும் என் பேரைப் போடுங்க. அந்த இரானியப் பையனும் இங்கதான் இருக்கான், அஞ்சுலேர்ந்து ஆறு அவன் பாத்துக்கறானாம்.